அழைப்பு வேண்டாத மேடை

அத்தான் இறந்த செய்தி வந்தபோது நான் மார்த்தாண்டம் சந்தையில் சாளை மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் ஷீபா போனில் அழைத்து, "மாமா, அப்பா போயாச்சு" என்றாள். "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "சும்மாதான் இருக்கா. காப்பி போட்டுக் குடிச்சா" என்றாள். வருகிறேன் என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பாதியில் நின்ற பேரத்தை முடித்தேன். அதன் பிறகுதான் கிளம்பினேன் என்பதை இங்கே எழுதியே வைக்கிறேன். செய்தி கேட்டுத் துடித்துப்போனேன், நிலைகுலைந்தேன் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். அந்த வரிசையில் என்னையும் சேர்த்துவிடக் கூடாது.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஆருக்கு என்னவாம் சாரே?" என்றார்.

"எனக்க அக்காளுக்க மாப்பிள. பழைய எம்.எல்.ஏ. ஞானசீலன். மரிச்சாச்சு."

அவர் கையிலிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டார். "அய்யோ, எனக்க மாப்பிள மரிச்சப்போ வந்து பேசின ஆளாக்கும். நாங்க கூப்பிடவே இல்ல சாரே, தானா வந்தாவ. அவருக்கு கடலுக்குப் போவும்போ வெத்தல இல்லாம பற்றாதுன்னு பந்தல்ல வச்சுச் சொன்னாவ பாருங்க, எனக்கு நெஞ்சு பொட்டிப்போச்சு. அப்பிடியொரு மனுசன் இனி வருவாவளா?"

"வரமாட்டாரு" என்றேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு கை சாளையைக் கூடுதலாக அள்ளிப் போட்டார். அத்தானின் பெயரால் எனக்குக் கிடைத்த கடைசி ஆதாயம் அது.

முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்தில் கொடுப்பதற்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். "மாமா, நீங்களும் எழுதணும். அப்பாவ உங்களவுக்கு தெரிஞ்ச ஆரு இருக்கா?" என்று ஷீபா கேட்டாள். அவள் சொன்னது சரிதான், அதனால்தான் எழுதுகிறேன். எட்வின் ஞானசீலனை நீங்களெல்லாரும் அறிவீர்கள். இரண்டு முறை சட்டமன்றத்துக்குப் போனவர், ஒரு புகைப்படத்தால் அங்கிருந்து இறங்கியவர், பிறகு சாகும்வரை இந்த மேற்குத் தாலுகாக்களில் எந்தச் சாவு வீட்டிலும் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசியவர். உங்களில் பலருடைய வீட்டுக்கு வந்திருப்பார், உங்களை அழவைத்திருப்பார். உங்கள் நன்றியைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எத்தனையோ பேருக்காக எத்தனையோ பேசியவர், தன் மனைவிக்காகப் பேச வேண்டிய ஒன்றைக் கடைசிவரை பேசவில்லை. அவள் என் அக்கா லில்லி பாய். எனக்கு அவரைப் பற்றி வேறு நினைவு எதுவும் பெரிதாக இல்லை.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அத்தானைப் பொறுத்தவரை அவர் பேசும்போது மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே கடவுள் எனக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார். பொதுக்கூட்டம் என்றால் சாயங்காலமே போன் வந்துவிடும். "லேய் ஜஸ்டினே, இண்ணைக்கு சந்திப்புல கூட்டம். கரண்டு போச்சுன்னா ஒனக்க அக்காள ஒனக்க வீட்டுக்கே அனுப்பிருவேன்." சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரிப்பேன். அவர் பேச்சு முடியும்வரை துணைமின் நிலையத்தில் காவல் கிடந்த நாட்கள் உண்டு. பேச்சு எனக்குக் கேட்காது, தூரத்தில் கைதட்டல் மட்டும் கேட்கும்.

அவர் முதல்முறை தேர்தலில் நின்றபோது, மார்த்தாண்டம் சந்திப்பில் நடந்த கூட்டத்தில் அக்காவையும் நாலு வார்த்தை பேச வைக்க வேண்டும் என்று கட்சிக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். அக்கா கோயிலில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் முன்னால் மணிக்கணக்கில் பேசுவாள், பெரியவர்களைக் கண்டால் தொண்டை கட்டிவிடும். வீட்டில் வைத்து அத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "மைக்கு கையில வந்தா ஒடனே பேசாத பிள்ளே. கூட்டம் அடங்குத வரைக்கும் சும்மா நில்லு. நீ பேசாம நிக்கது கண்டா அவனுவளுக்கு பயம் வரும், தானா அடங்குவானுவ. அதுக்குப் பொறவு நீ என்ன சொன்னாலும் கேப்பானுவ." அக்கா தலையாட்டினாள். மேடையில் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்ததும் சொல்லிக் கொடுத்தபடியே நின்றாள். கூட்டம் அடங்கியது. அடங்கிய கூட்டத்தைக் கண்டு பயந்து, ஒன்றும் பேசாமல் இறங்கி ஓடிவந்துவிட்டாள். அத்தான் அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாம் முறை ஜெயித்து மந்திரியாகப் போகிறார் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில் அந்தப் படம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு குடியிருப்பின் வாசலில் ஒரு பெண்ணோடு நிற்கிற படம். நின்ற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மத்தியானத்துக்குள் தொகுதியில் எல்லாருடைய போனிலும் அது இருந்தது, என் அலுவலகத்தில் எனக்கே ஒருவன் அனுப்பினான். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவரை "எதிர்க்கட்சி செட்டப்பு" என்று அத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் வேலை போயிற்று, ஊரும் போயிற்று. அவருக்காகவும் யாரும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் அத்தான் பத்திரிகைக்காரர்களை வீட்டுக்கே அழைத்தார். முன்னறையில் நாற்காலி போட்டு, பக்கத்தில் அக்காவை உட்கார வைத்தார். அவள் கோயிலுக்குக் கட்டிப் போகும் வெள்ளைச் சேலையில் இருந்தாள். மடியில் வேதாகமம். அதை அங்கே வைத்தது யாருடைய யோசனை என்று நான் சொல்லத் தேவையில்லை. "படத்துல இருக்கது எங்க வீட்டுக்காரர் இல்ல. எனக்கு நல்லாத் தெரியும்" என்று அக்கா சொன்னாள். பள்ளிக்கூடத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. லில்லி டீச்சர் பொய் சொல்ல மாட்டா என்று ஊரில் பாதிப் பேர் அன்று நம்பினார்கள்.

அந்த வாரமே அந்தப் பெண்ணோடு அத்தான் பேசிய போன் பேச்சுகள் வெளிவந்தன. குரலை மறுக்க முடியவில்லை. அவர் குரலை அறியாதவர்கள் இந்த மாவட்டத்தில் யார்? கட்சி அவரைத் தூக்கி வெளியே போட்டது. மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்கு வரவேற்பு வைத்த பதாகையிலிருந்து அவர் தலையை மட்டும் யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். அடுத்த தேர்தலில் அவர் பெயரைச் சொல்லவும் ஆளில்லை.

இனிமேல்தான் விஷயமே. ஊர் என்ன செய்தது தெரியுமா? அத்தானைப் பார்த்துச் சிரித்தது. டீக்கடையில் கண்ணடித்தது. "ஆம்பிளைன்னா அப்பிடித்தான்" என்று கொஞ்ச நாளில் விட்டும்விட்டது. அக்காவை விடவில்லை. ஞாயிறுப் பள்ளியில் அவளிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய் வீட்டுக்கே வந்து, "டீச்சரே, தப்பா நெனைக்காதீங்க. பத்துக் கட்டளை பாடம் வருது. பிள்ளையளு ஒவ்வொண்ணா கேக்குது. கொஞ்ச நாளு வேற ஆரெங்கிலும் எடுக்கட்டும்" என்றாள். அக்கா அலமாரியிலிருந்து படப் புத்தகங்களை எடுத்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டாள். தப்பு செய்தவன் வீட்டுக்குள் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டிருந்தான், கேட்டியளா.

அப்புறம் அவருக்கு ஒரு மேடை கிடைத்தது. கல்யாணங்களுக்கு யாரும் அழைப்பு வைப்பதில்லை, கோயில் திருவிழா நோட்டீசில் பெயர் இல்லை. பேச முடியாமல் மனிதர் வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இறந்துபோனார். பந்தலில் ஒலிபெருக்கி இருந்தது, இரங்கல் பேச ஆளில்லை. அத்தான் எழுந்து போய் அதைக் கையில் எடுத்தார். கூட்டம் அடங்கும்வரை நின்றார். "நம்ம பொன்னையன் அண்ணன் ஆரும் கைநீட்டாமலே பஸ்ஸ நிறுத்தின ஒரே கண்டக்டர். மழையில ஆரெங்கிலும் குடையில்லாம நின்னா, அந்த எடம் ஸ்டாப்புன்னு சொல்லிருவாரு" என்றார். பந்தல் முழுக்க அழுதது. திரும்பி வந்தபோது அத்தானின் முகத்தைப் பார்த்தேன். தேர்தலில் ஜெயித்த முகம்.

"லேய், கல்யாண வீட்டுக்கு அழைப்பு வேணும். மரிச்ச வீட்டுக்கு வேண்டாம். ஆரும் எறங்கிப் போன்னு சொல்லமாட்டான்" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு அதுவே அவர் தொழிலாயிற்று. காலையில் எழுந்ததும் யார் இறந்தார்கள் என்று விசாரிப்பார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். போனதும் பந்தலில் உட்கார மாட்டார், வீட்டுக்குப் பின்பக்கம் போய்ப் பெண்கள் நடுவே கட்டன் காப்பி குடிப்பார். "அண்ணன் கடைசியா என்ன கேட்டாவ? சாப்பாட்டுல என்ன பிரியம்?" என்று மெதுவாகக் கேட்பார். "ஒரு ஆளப்பத்தி ஒரே ஒரு காரியம் கிட்டினா போரும் மக்கா. பாக்கி எல்லாம் நாம கெட்டி எழுப்பிருலாம்" என்பார். மீன்கார அம்மா சொன்ன வெற்றிலை விஷயமும் அப்படிப் பின்பக்கத்தில் கிடைத்ததுதான். எங்கள் அப்பா இறந்தபோதும் பேசினார். நான் அழுதேன், அழுததற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஏழை வீடு பணக்கார வீடு என்று அவர் பார்க்கவில்லை. அநாதையாகச் செத்த ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கும் போய்ப் பேசினார். அதற்காக அவரை மகான் என்று எழுத நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த ஞானசீலனுக்குக் கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது என்பது அவருக்கு முக்கியமே இல்லை.

போன் பேச்சுகள் வெளிவந்த உடனே சபை அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. எங்கள் சபையில் அப்படி விலக்கப்பட்டவர் மறுபடி அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வேண்டுமானால், ஆராதனையில் சபையார் முன்னால் எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்க வேண்டும். சாதாரண மனிதர்கள் போதகர் சொல்லித் தருகிற இரண்டு வரியை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அத்தான் ஒலிபெருக்கி கேட்டு வாங்கினார். நின்றார். கோயில் அடங்கியது. தான் விழுந்த குழியைப் பற்றிச் சொன்னார், தன் தாயைப் பற்றிச் சொன்னார், இந்தக் கோயிலின் படியில் பிள்ளையாக விளையாடியதைச் சொன்னார். "எனக்க குடும்பத்த வேதனப்படுத்தினேன்" என்று சொல்லிக் குரல் உடைந்தார். அது எந்த இடத்தில் உடையும் என்று எனக்கு முன்பே தெரியும். பெண்கள் பக்கம் முந்தானை முந்தானையாகக் கண்ணைத் துடைத்தார்கள். போதகரே அழுதார்.

அன்றைக்கே திருவிருந்து. அத்தான் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால்போட்டார். அக்கா எழுந்திருக்கவில்லை. அவளை யாரும் விலக்கவில்லை, விலக்க எந்தச் சட்டமும் இல்லை. அவளாகவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தார்கள். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும். பிறகு அது சபைக்குப் பழகிவிட்டது. வேதாகமத்தை வைத்துக்கொண்டு பொய் சொன்னவள் எந்த முகத்தோடு போவாள் என்று பாடகர் குழுவில் யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது.

எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இருந்ததில்லை. அக்காவை அத்தான் ஏமாற்றி உட்கார வைத்தார். அது நான் இல்லை என்று சத்தியம் செய்திருப்பார், அவளும் நம்பியிருப்பாள். என் அக்காவுக்குத் தெரிந்து பொய் சொல்ல வராது. ஆகவே அத்தான் கோயிலில் எழுந்து, "அவளுக்குத் தெரியாது, நான்தான் ஏமாற்றினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் தலைநிமிர்ந்து திருவிருந்துக்குப் போய்விடுவாள். வீடு வீடாக நானே இதைச் சொல்லிக்கொண்டு அலைந்தேன். தம்பி சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அவர் ஏதோ சாவு வீட்டுக்குக் கிளம்பச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அத்தான், ஊருக்கெல்லாம் பேசுதீங்க. அக்காளுக்கு வேண்டி ஒரு வார்த்த பேசப்பிடாதா?"

"என்ன பேசணும்?"

"அவளுக்குத் தெரியாதுன்னு."

அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது முடிஞ்ச காரியம்லே. கிளறாத" என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவர் கிளம்பிப் போன பிறகுதான் மறுபடி கேட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன். இனி வீட்டுக்குத் திரும்ப மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் அவருக்குச் சொந்தமாகியிருந்தார்கள். அக்கா துணி துவைக்கப் போயிருந்த நேரம். "அத்தான், போதகர் சாயங்காலம் வருவாரு. அவருகிட்டயாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் பார்வை மேலே சுற்றுகிற விசிறிக்குப் போனது. பிறகு, "அவளுக்குத் தெரியாதுன்னு நான் எப்பிடிலே சொல்லுவேன்?" என்றார்.

"எப்பிடின்னா? வாயாலதான். இத்தன பொணத்துக்குப் பேசின வாயாலதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் ஊசியோடு வந்ததும் திறந்து, "மோளுக்கு எந்த ஊரு? அப்பா என்ன செய்யுதாவ?" என்று அவளிடம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான் வெளியே வந்து நின்றேன். உயிரோடு நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. வருத்தமில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீங்களே பார்த்தீர்கள். அவர் யாருக்கெல்லாம் பேசினாரோ அந்த வீட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. கண்டக்டர் பொன்னையன் அண்ணனின் குடும்பமே வந்திருந்தது. அவரைத் தூக்கி எறிந்த கட்சியும் வந்தது, மாலையோடும் புகைப்படக்காரரோடும். பந்தலில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எவர் பேச்சும் எடுபடவில்லை. அந்த ஊரில் நன்றாக இரங்கல் பேசத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

கட்சிப் பெரியவர் ஒருவர் கடைசியாகப் பேசினார். வேறு எதையாவது பேசியிருக்கலாம். "அண்ணன் வாழ்க்கையில ஒரு சோதனை வந்தது. அப்ப ஊரே தூற்றினப்போ, கணவனுக்காகப் பொய் சொல்லவும் துணிஞ்சு நின்ன உத்தமி நம்ம லில்லி அம்மா. அப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைக்கும்?" என்றார். இரண்டு பேர் கைதட்டக்கூடப் போனார்கள், சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்தாள். நேராகப் போய் அவர் முன்னால் கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை, ஆறுதல் கேட்கிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடிக்கப் போனார். "மைக்க தாருங்க" என்றாள். கொடுத்தார்.

அவள் உடனே பேசவில்லை. நின்றாள். பந்தலுக்கு வெளியே ஆட்டோக்களின் பக்கம் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் காப்பிப் பாத்திரச் சத்தம் அடங்கியது. மேடையிலிருந்து இறங்கி ஓடிய அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது, இன்றும் ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் ஓடவில்லை.

"அந்தப் படத்தக் கண்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சுது, அது அவியதான்னு" என்றாள். "அந்தச் சட்டைக்க மேல்பொத்தான் பொட்டிப்போய், வேற நெறத்துல தச்சுக் குடுத்தது நானாக்கும். அவிய சொல்லச் சொன்னாவ. நான் தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். எனக்க பிள்ளையளுக்கும், எனக்ககிட்ட படிச்ச பிள்ளையளுக்கும் முன்னால வச்சுச் சொன்னேன். கோயில்ல அவிய மன்னிப்பு கேட்ட அண்ணைக்கு இதையும் சேத்துக் கேப்பாவன்னு இருந்தேன். கேக்கல்ல. அவிய எழும்பிப் போனாவ, எனக்குப் போவ முடியல்ல. இப்ப நானே கேக்குதேன். சபையார் என்ன மன்னிக்கணும்."

பிறகு கட்சிப் பெரியவரைப் பார்த்து, "இது உத்தமித்தனம் ஒண்ணும் இல்ல. இனி எங்கயும் அப்பிடிச் சொல்லாதீங்க" என்றாள். ஒலிபெருக்கியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "போரும். பெட்டிய மூடுங்க."

யாரும் அழவில்லை. போதகர் ஜெபத்தை மறந்து நின்றார். பெட்டியை மூடுகிற ஆட்கள்தான் முதலில் அசைந்தார்கள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு பின்வாசலில் அக்காவிடம் கேட்டேன். "எனக்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லியா? இத்தன காலம் நான் ஊரெல்லாம் பறஞ்சிட்டு நடந்தேனே."

"நீ எப்ப கேட்ட? தெரியாது தெரியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. என்ன நல்லவளாக்கணும், அவியள கெட்டவராக்கணும், ஒனக்கு அதுக்குத்தான் அவசரம்." அவள் குரலில் கோபமில்லை. "அவிய சொல்ல வேண்டியது எனக்குத் தெரியாதுன்னு இல்ல. நான் சொல்லச் சொன்னேன், அவ எனக்கு வேண்டிச் சொன்னான்னு அவிய சொல்லணும். அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்து செய்த பாவம் ஜஸ்டினே. அவிய அவியளுக்க பங்க மட்டும் எறக்கி வச்சிட்டுப் போயாச்சு. எனக்க பங்க நான் என்ன செய்ய?"

"அவரு மேல ஒனக்குக் கோவமே இல்லியா?"

"இருந்துது. சோறு போட்டுக்கிட்டே இருந்தேன், கோவமும் இருந்துது." எழுந்தாள். "நீ கஞ்சி குடிச்சியா? பாத்திரம் கழுவணும்."

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தேன். அவளுக்குத் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன் என்று கேட்டாரே, அது தட்டிக் கழித்தது இல்லை, உண்மை. வாழ்நாள் முழுக்கப் பொய்யிலேயே பிழைத்த மனிதர், நான் சொல்லச் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்ல மறுத்திருக்கிறார். அதற்காக அவரை மெச்ச வேண்டுமோ என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். பொய்யைச் சொல்ல மறுத்தவர் பக்கத்திலேயே கிடந்த உண்மையைச் சொல்லியிருக்கலாம். தன் தவற்றை ஒப்புக்கொண்டால் ஊர் கண்ணடித்து விட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். மனைவியை வேதாகமத்தோடு உட்கார வைத்துப் பொய் சொல்லச் சொன்னதை ஒப்புக்கொண்டால் விடாது என்பதும் தெரியும். எந்தப் பாவத்துக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அதை மட்டும் அறிக்கையிட்டார். அதனால்தான் என் வெறுப்பு குறையவில்லை. முன்பு தவறான காரணத்துக்காக வெறுத்தேன், இப்போது சரியான காரணத்துக்காக வெறுக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து இருந்தது. பெண்கள் வரிசையில் அக்காவின் முறை வந்ததும் வழக்கம்போலப் பக்கத்திலிருந்தவள் அவள் முழங்காலைத் தாண்டக் காலைத் தூக்கினாள். அக்கா எழுந்து நின்றாள். தூக்கிய காலோடு அந்தப் பெண் தடுமாறி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டாள். அக்கா பீடத்துக்குப் போய் முழங்கால்போட்டுக் கைகளை நீட்டினாள். முழங்கால் வலிக்காரி, எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள். முன்பு வீட்டுக்கு வந்து ஞாயிறுப் பள்ளியை விட்டு நிற்கச் சொன்ன அதே தாய்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அத்தானிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதித்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை முடிக்க வேண்டுமாம். அவர் பேச்சு எதுவும் எனக்கு வேண்டாம், அதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். பேசுவதற்கு முன்னால் கூட்டம் அடங்கும்வரை நிற்க வேண்டும் என்று என் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவருக்கு அது வித்தை. அவளுக்கு அது அன்று உதவியது.

ஷீபா, நீ கேட்டாய், எழுதிவிட்டேன். மலரில் இடம் போதாது, கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று குழுவினர் சொல்வார்கள். நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். உன் அம்மா பேசியதில் கை வைக்க விடாதே.